நாலு மாதத்துக்கு ஒரு வீடு: வாசகர் கேள்வி பதில்

அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் 31 வருஷம் ஊசி போட்டு ஓய்ந்தவள் நான். ரிட்டயர் ஆனதும் சும்மா இருக்கலாம் என்று பார்த்தால் விடமாட்டேன் என்கிறீர்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் வீட்டுப் பெரியவர்களைப் பற்றியவை மட்டும் இங்கே. மூட்டுவலித் தைலம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுங்கள்.

சிஸ்டர், அப்பா போன பிறகு அம்மாவை (78) நாங்கள் மூன்று பேரும் நாலு நாலு மாதம் வைத்துக்கொள்கிறோம். சென்னை, கோவை, பெங்களூரு. எந்த வீட்டிலும் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் பேச்சே இல்லை. எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்கிறார். எங்கே தப்பு செய்கிறோம்?
– வாசகர், கோயம்புத்தூர்

கணக்கு நேராகத்தான் இருக்கிறது, மூன்று நாலு பன்னிரண்டு. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அம்மாவைக் கேட்டுத்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தோம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. காரியம் முடிந்த அன்று சாயங்காலம் நீங்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து முடிவெடுத்திருப்பீர்கள், அம்மா உள்ளே பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்திருப்பார். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள், நான் பார்த்த வீடுகளில் பாதி அப்படித்தான்.

என் பெரியம்மாவுக்கும் இப்படித்தான் முறை வைத்திருந்தார்கள். அவரிடம் ஒரு பச்சை ஒயர் கூடை உண்டு. அதில் நாலு புடவை, ஒரு துண்டு, விபூதி டப்பா, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாத்திரைகள், பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடி. எந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனாலும் கூடையிலிருந்து துணியை எடுத்து அலமாரியில் வைக்கவே மாட்டார். ஏன் என்று கேட்டால், "மறுபடி எடுத்து அடுக்கணுமேடி" என்பார். ஆறு வருஷம் அந்தக் கூடையிலிருந்துதான் எடுத்துக் கட்டினார். யாரும் சோறு போடாமல் விடவில்லை, திட்டவில்லை, எல்லா வீட்டிலும் ஃபேனுக்கு அடியில்தான் படுக்கை. ஆனாலும் அவர் விருந்தாளியாகவேதான் செத்துப்போனார்.

உங்கள் அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு கேட்டால் "உங்க இஷ்டம்" மட்டும்தான் வரும். கோயிலுக்கு நடக்கும்போதோ கீரை ஆயும்போதோ பக்கத்தில் இருந்து கேளுங்கள், ஒரே நாளில் பதில் வராது. ஊர் வீட்டிலேயே இருக்கிறேன் என்று சொன்னால் உடனே "தனியா எப்படிம்மா" என்று வாயை அடைக்காதீர்கள். இரவு துணைக்கு ஒரு ஆள், குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வெஸ்டர்ன் டாய்லெட், தினம் எட்டிப் பார்க்க ஒரு பக்கத்து வீட்டுக்காரர், இவ்வளவு இருந்தால் 78 வயதில் நிறையப் பேர் சொந்த வீட்டில் நன்றாகவே இருக்கிறார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இல்லை, மாறி மாறி இருப்பதே சரி என்று அவரே சொன்னால் மூன்று வீட்டிலும் அவருக்கென்று ஓர் அலமாரி கொடுங்கள், சாவி அவர் இடுப்பில் இருக்கட்டும். பென்ஷன் வந்தால் ஏடிஎம் கார்டு அவர் கையில். அப்புறம், மூன்று ஊர் என்றால் மூன்று டாக்டர், மூன்று சீட்டு. ஒரே பிரஷர் மாத்திரையை இரண்டு கம்பெனிப் பெயரில் சேர்த்து விழுங்கிவிட்டு, காலையில் கட்டிலிலிருந்து எழுந்த வேகத்தில் தலைசுற்றி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு வந்த பாட்டிகளை வார்டில் பார்த்திருக்கிறேன். ஒரே ஃபைல், எல்லா ஊருக்கும் அதுவே கூடப் போகட்டும்.

பேச்சு நின்றுபோனதற்கு மனச்சோர்வும் காரணமாக இருக்கலாம், காது கேட்காததும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் வயசு என்று தள்ளாமல் டாக்டரிடம் காட்டுங்கள், இரண்டுக்கும் வைத்தியம் உண்டு.

எனக்கு 71 வயது. மனைவி இருக்கிறார். சொந்த வீடு ஒன்றுதான். "இப்பவே என் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துடுங்கப்பா, அப்புறம் அலைய வேண்டாம்" என்கிறான் ஒரே மகன். நல்ல பையன்தான். எழுதிவிடட்டுமா?
– வாசகர், மதுரை

நல்ல பையன்தான் என்று நீங்களே ஒரு தரம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது பாருங்கள். அவசரமே இல்லை, உயில் எழுதுங்கள். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை (பதிந்து வைத்தால் பின்னால் தகராறு குறையும்), இரண்டு சாட்சிகள் போதும். உங்களுக்குப் பிறகுதான் அது நடைமுறைக்கு வரும், அதுவரை எத்தனை தரம் வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் அப்படி இல்லை, பதிந்த அன்றே வீடு கைமாறிவிடும், மனசு மாறினால் சும்மா திரும்ப வராது.

எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் இரண்டு விஷயம் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். நீங்களும் உங்கள் மனைவியும் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை ஒன்று. உங்களை வைத்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இன்னொன்று. இந்த இரண்டாவது வரியை எழுத்தர் "எதுக்கு சார் அதெல்லாம், பையன்தானே" என்று விட்டுவிடுவார், விடாதீர்கள். 2007-ஆம் வருஷத்து பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, பராமரிப்பு நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், தாராளமாகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாயின் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் நீங்கள் ஏன் டெல்லி வரை போக வேண்டும், ஒரு வரி எழுதினால் முடிந்தது.

மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். பிள்ளைகள் சாப்பாட்டுக்குக் கொடுக்கவில்லை என்றால் மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸில் (லைசென்ஸ் எடுக்கும் ஆபீஸ் இல்லை) கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. மகளும் பொறுப்பு, வயது வந்த பேரன் பேத்தியும் பொறுப்பு. மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவு போடலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14567-க்குப் போன் செய்யுங்கள், முதியோருக்கான இலவச உதவி எண் அது.

மாமியாருக்கு 81. சாப்பிட்டுக் கை கழுவின அரை மணியில் பக்கத்து வீட்டு வாசலில் நின்று "மருமக சோறே போடல" என்கிறார். செயினை நான் எடுத்துவிட்டேன் என்று நாத்தனாரிடம் போனில் அழுகிறார். அவரும் நம்புகிறார். பதினேழு வருஷமாக நான்தான் பார்க்கிறேன். மானம் போகிறது சிஸ்டர்.
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

முதலில் இது மாமியார்த்தனம் இல்லை. மறதி நோயாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. சாப்பிட்டது நினைவில் பதியவே இல்லை, அதனால் அவரைப் பொறுத்தவரை அவர் பொய் சொல்லவில்லை. செயினை எங்கேயோ பத்திரமாக ஒளித்தார், ஒளித்ததை மறந்துவிட்டார், காணோம் என்றால் யாரோ எடுத்திருக்கத்தானே வேண்டும்? எந்நேரமும் கண்முன்னால் இருப்பவர் நீங்கள். பார்த்துக்கொள்கிறவர் மேல்தான் பழி விழும், இதை வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன்.

டாக்டரிடம் போங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, எப்போதோ தலையில் பட்ட அடி, இவையெல்லாம்கூட மறதி போலவே காட்டும், இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். இரண்டு மூன்று நாளில் திடீரென்று பிதற்ற ஆரம்பித்தால் அது வேறு. யூரின் இன்ஃபெக்‌ஷனோ சர்க்கரை இறங்கியதோ ஆக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை ஒன்று 2024 பிப்ரவரியில் திறந்தார்கள், 200 படுக்கை.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். "இப்பத்தானே சாப்பிட்டீங்க, பாருங்க தட்டை" என்று நிரூபிக்கப் போகாதீர்கள். நிரூபித்து யாரும் ஜெயித்ததில்லை. "இதோ குக்கர் வெச்சிருக்கேன் அத்தை, அதுவரைக்கும் இதைச் சாப்பிடுங்க" என்று நாலு பொரி, அரை வாழைப்பழம். மத்தியானச் சாப்பாட்டையே இரண்டாகப் பிரித்துக் கொடுத்தாலும் சரி. செயின் என்றால் "அடடா, வாங்க தேடுவோம்" என்று கூடவே தேடுங்கள். தலையணை உறை, அரிசி டின், பழைய கைப்பை, இந்த மூன்று இடத்தை நான் முதலில் பார்ப்பேன். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் படபடப்பு அதிகமாகும், அந்த நேரத்தில் லைட்டை முன்னதாகவே போட்டுவிட்டு, உரிக்கப் பூண்டோ கட்டப் பூவோ கையில் கொடுங்கள். எழுபது வருஷம் பூ கட்டிய விரல் அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

நாத்தனாருக்கு விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். பத்து நாள் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், நீங்கள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போங்கள். நாலாம் நாள் அவர் செயினும் காணாமல் போகும். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் இது நோய் என்று சொல்லிவையுங்கள், ஒளித்து வைப்பதில் ஒன்றும் இல்லை. அவர் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டால் பிடித்து உட்கார வைக்கப்போவது அவர்கள்தான்.

பக்கவாதம் வந்த அப்பாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து "பிசியோ குடுத்தியா, முட்டை குடுத்தியா" என்று கேள்வி கேட்கிறான். பணம் அனுப்புகிறான், அதை மறுக்கவில்லை. ஆனால் பற்றிக்கொண்டு வருகிறது.
– வாசகி, திருச்சி

பற்றிக்கொண்டு வரத்தான் செய்யும். அடுத்த ஞாயிறு அவருக்கு வேலை கொடுங்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். இரவு 10, 12, 2, 4. அந்த நேரமெல்லாம் அங்கே அவருக்குப் பகல்தானே? போனில் கூடவே முழித்திருக்கச் சொல்லுங்கள். மூன்று நாளில் இரவுக்கு ஒரு ஆள் போடப் பணம் வந்துவிடும். காற்றுப் படுக்கை ஒன்றும் வாங்கச் சொல்லுங்கள், ஆனால் அது இருக்கிறதே என்று புரட்டாமல் விடக்கூடாது. தோல் சிவந்திருந்தால் அந்த இடத்தில் தேய்க்காதீர்கள், பாரம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நீங்கள் உங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள்.

அப்பாவுக்கு (83) அவசரத்துக்குள் பாத்ரூம் போக முடிவதில்லை. டயப்பர் போடச் சொன்னால் கோபம்.
– வாசகர், வேலூர்

எனக்கும் கோபம் வரும். பேரப்பிள்ளைகள் முன்னால் சொன்னீர்களா? முதலில் டாக்டரிடம் ப்ராஸ்டேட்டைப் பாருங்கள். நீர் பிரிய வைக்கும் மாத்திரையை இரவில் போடுகிறாரா, காலைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கட்டிலருகே இரவுக்கு ஒரு யூரின் கேன், வழியில் ஒரு சின்ன லைட், நாடா முடிச்சுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்த பைஜாமா. பாதிப் பேருக்கு இதிலேயே பிரச்சினை முடிந்துவிடும். அப்படியும் டயப்பர் வேண்டும் என்றால் பஸ் பயணத்துக்கு, கல்யாண வீட்டுக்கு மட்டும் என்று ஆரம்பியுங்கள். "டயப்பர்" என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். ஒரு பாக்கெட்டை அவர் அலமாரியில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எனக்கு 76. கடைசிக் காலத்தில் ஐசியூவில் குழாய் சொருகி வைக்க வேண்டாம் என்று எழுதி வைக்க முடியுமா?
– வாசகி, காரைக்குடி

முடியும். 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்து. உங்களுக்காக முடிவு சொல்லப்போகிறவர் யார் என்று பெயர் குறிப்பிட வேண்டும். அந்த ஆளிடம் அதற்கு முன்னால் உட்கார்ந்து பேசிவிடுங்கள், அழுவார், அழட்டும்.

80 வயது மாமனார் செகண்ட் ஷோ போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறார். அனுப்பலாமா?
– வாசகி, சேலம்

யாராவது கூடப் போங்கள். ஓரத்து சீட்டாகப் பார்த்து புக் செய்யுங்கள், இன்டர்வல் வரைக்கும் அவரால் பொறுக்க முடியாது. பாப்கார்ன் பல்லில் மாட்டும், சமோசா வாங்கிக் கொடுங்கள்.