வாசகர் கேள்வி பதில்: எக்கோவாஸ் இருந்து என்ன பிரயோஜனம்?

கேள்வி: சார், மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூணும் மேற்கு ஆப்பிரிக்க நாடுங்களோட கூட்டமைப்பான எக்கோவாஸை விட்டு வெளியேறிடுச்சுன்னு படிச்சேன். ஐ.நா. இருக்கும்போது இந்த மாதிரி வட்டார அமைப்பெல்லாம் எதுக்கு? மாநாடு போட்டு போட்டோ எடுத்துக்கறதுக்குத்தானே?
– வாசகர், தேனி

பதில்: அப்படிச் சொல்லிட முடியாதுங்க. 1975ல லாகோஸ்ல ஒப்பந்தம் போட்டு மேற்கு ஆப்பிரிக்க நாடுங்க இதை ஆரம்பிச்சப்போ நோக்கம் பொருளாதாரம்தான், விசா இல்லாம ஒருத்தர் நாட்டுல இன்னொருத்தர் 90 நாள் இருக்கலாம்னு 1979லயே முடிவு பண்ணிட்டாங்க. அப்புறம் 1990ல லைபீரியா உள்நாட்டுப் போர்ல பத்தி எரிஞ்சப்போ, உலகமே ஈராக் புகுந்த குவைத் பக்கம் பாத்துட்டு இருந்துச்சு, படை அனுப்பினது இவங்கதான். அந்தப் படைக்காரங்க மேலயே கொள்ளைப் புகார் வந்தது, அதையும் மறைக்க வேண்டாம்.

காம்பியாவை எடுத்துக்கோங்க. 22 வருஷமா ஆட்சியில இருந்த யஹ்யா ஜாமே 2016 டிசம்பர் தேர்தல்ல தோத்தாரு, முதல்ல தோல்வியை ஒத்துக்கிட்டு ஒரு வாரத்துல மாட்டேன்னுட்டாரு. ஜெயிச்ச அடாமா பாரோ பக்கத்து நாடான செனகல்ல, காம்பியா தூதரகத்துல வச்சு பதவி ஏத்துக்க வேண்டியதாப் போச்சு. அன்னைக்கே எக்கோவாஸ் படை எல்லை தாண்டுச்சு, ரெண்டு நாள்ல ஜாமே நாட்டை விட்டுக் கிளம்பிட்டாரு. பெரிய சண்டையே இல்ல.

ஆனா என்னைக் கேட்டா இதை விடப் பெரிய விஷயம் எக்கோவாஸோட கோர்ட்டுதான். நைஜர்ல ஹதிஜாத்து மானின்னு ஒரு பொண்ணு, 12 வயசுல அடிமையா வித்துட்டாங்க, ஒன்பது வருஷம் அந்த வீட்டுல கொடுமை. 2005ல விடுதலைப் பத்திரம் குடுத்த அதே ஆளு, அப்புறம் அவங்க வேற ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதும் இவ என் மனைவின்னு கேஸ் போட்டான், புருஷன் இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் பண்ணினதா உள்ளூர் கோர்ட்டு இவங்களுக்கே ஜெயில் தண்டனை குடுத்துச்சு! அவங்க எக்கோவாஸ் கோர்ட்டுக்குப் போனாங்க, ஏன்னா உள்நாட்டு கோர்ட்டு எல்லாம் ஏறி இறங்கி முடிச்சிட்டுத்தான் வரணும்னு அங்க கட்டாயம் இல்ல, தனி மனுஷங்களே நேரா வரலாம்னு 2005ல விதி கொண்டு வந்துட்டாங்க. 2008 அக்டோபர்ல தீர்ப்பு: அடிமைத்தனத்துல இருந்து இவங்களைக் காப்பாத்த நைஜர் அரசு தவறிடுச்சு, 1 கோடி சிஎஃப்ஏ ஃபிராங்க் (அங்க புழங்கற பணம்) நஷ்டஈடு குடுக்கணும். ஒரு ஏழைப் பொண்ணு தன் அரசாங்கத்தையே கூண்டுல ஏத்தி ஜெயிச்சாங்க. இதுக்காகவே இந்த அமைப்பு இருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

அப்புறம் ஏன் உடைஞ்சுதுன்னா, ராணுவம் ஆட்சியைப் பிடிச்சா உடனே தண்டிப்பாங்க, ஆனா கினியாவுல ஆல்ஃபா கோண்டே 2020ல அரசியல் சட்டத்தை மாத்தி மூணாவது தடவை நின்னப்போ தடுக்கல, அடுத்த வருஷம் அங்க ராணுவப் புரட்சி வந்ததும் முழிச்சுக்கிட்டாங்க. ஜனங்க இதைப் பாத்துட்டுத்தானே இருக்காங்க? 2023 ஜூலைல நைஜர்ல புரட்சி நடந்ததும் எல்லையை மூடினாங்க, நைஜீரியா கரண்டை நிறுத்துச்சு, சாப்பாடு மருந்துக்குத் திண்டாடினது தளபதிங்க இல்ல, சாதாரண ஜனங்க. தடையை 2024 பிப்ரவரில எடுத்தாங்க, ஆனா அதுக்குள்ள ராணுவம் ஆட்சியைப் பிடிச்ச அந்த மூணு நாடும் விலகறோம்னு அறிவிச்சாச்சு, 2025 ஜனவரில விலகியும் போச்சு. தளபதிங்களுக்கு நஷ்டம் இல்லங்க, இனி நைஜர்ல இன்னொரு ஹதிஜாத்து மானி வந்தா அவங்களுக்கு அந்தக் கோர்ட்டு வாசல் இல்ல, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

கேள்வி: நம்ம தெற்காசிய நாடுங்களோட சார்க் அமைப்புல இப்படி ஒரு கோர்ட்டு இருக்கா?
– வாசகி, திருச்சி

பதில்: இல்லங்க. 1985 சாசனத்துலயே எல்லா முடிவும் ஒருமனதா எடுக்கணும், ரெண்டு நாட்டுக்கு இடையில உள்ள பிரச்சனையைப் பேசக் கூடாதுன்னு எழுதி வச்சுட்டாங்க. பெண்கள், குழந்தைங்க கடத்தலைத் தடுக்க 2002ல ஒரு உடன்படிக்கை போட்டாங்க, ஆனா பாதிக்கப்பட்டவங்க போய் முறையிட ஒரு இடம் வைக்கல. தலைவர்கள் கடைசியா உச்சி மாநாட்டுல உக்காந்தது 2014ல, காட்மாண்டுல. ஒருமனதாங்கற அந்த விதியைத் தளர்த்தாம கோர்ட்டுப் பேச்சே எழாது, முதல்ல அதைக் கேளுங்க.