பீரோவில் ஒளித்த மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 58. பத்து வருடமாகச் சர்க்கரை. சளிப் பரிசோதனையில் டிபி என்று தெரிந்து, மாத்திரை தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. அதிலிருந்து சர்க்கரை 300-க்குக் கீழே வரவே இல்லை. சாப்பாட்டைப் பாதியாக்கியும் பலனில்லை. டிபி மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா? மகன், மருமகளுக்குத் தெரியாமல் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறேன். மூன்று வயதுப் பேரன் என் பக்கத்தில்தான் படுப்பான்.

பதில்: நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது அம்மா. விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். நான் பேச வேண்டியது, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கடைசி இரண்டு வரியைப் பற்றித்தான்.

‘மாத்திரைதான் சாப்பிடுகிறேனே, இனிப் பரவாதே’ என்பீர்கள். மாத்திரை தொடங்கும் முன் எத்தனை வாரம் இருமினீர்கள்? அத்தனை இரவும் அந்தப் பிள்ளை உங்கள் மூச்சுக்காற்றில்தான் தூங்கினான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொற்றினால் மூளைச்சவ்வு வரைகூடப் போகும். எடை ஏறாமல் சோர்ந்து கிடப்பான். இருமலே இல்லாமலும் இருக்கலாம். பரிசோதித்து, நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து, இருந்தால் சிகிச்சை. மகனும் மருமகளும்கூடப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பெற்றவளிடமே இதை மறைக்க உங்களுக்கு என்ன உரிமை? வீட்டில் பெரியவர் என்றால் முதலில் வாய் திறக்க வேண்டியவர் நீங்கள்தான்.

மகனுக்கே சொல்லாதவர் சர்க்கரை டாக்டரிடம் மட்டும் சொல்லியிருப்பீர்களா? சர்க்கரை ஏறுவதன் சூட்சுமம் அங்கேதான். தொற்றே சர்க்கரையை ஏற்றும். போதாததற்கு, சிறுநீரைச் செம்மஞ்சளாக்குகிறதே ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து, அது ஈரலை முடுக்கிவிடும். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளை ஈரல் வழக்கத்தைவிட வேகமாகச் சிதைத்துவிடும். விழுங்குவது அதே அளவு, உடம்பில் நிற்பது குறைவு. விஷயம் தெரியாத டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசின் நின்றால், சுமார் இரண்டு வாரத்தில் ஈரல் பழைய வேகத்துக்கு வந்துவிடும். கூட்டிய மாத்திரை அப்போது முழு பலத்தோடு வேலை செய்யும். சர்க்கரை 70-க்குக் கீழே சரிந்து, நடுராத்திரியில் வியர்த்து, கை நடுங்கி மயங்கினால் பக்கத்தில் யார் இருப்பார்? மூன்று வயதுக் குழந்தை.

சாப்பாட்டைப் பாதியாக்குவதை விடுங்கள். டிபி ஏற்கெனவே உடம்பைக் கரைக்கிறது; சர்க்கரையை மருந்தால்தான் இறக்க வேண்டும். டாக்டர் இன்சுலின் என்றால் மறுக்காதீர்கள். பாதம் எரிந்தால் ‘சர்க்கரைதானே’ என்று இருந்துவிடாதீர்கள். டிபி மருந்தான ஐசோநையசிட்டும் நரம்பைத் தாக்கும். அதற்கான பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6, உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ இன்னொரு டிபி மருந்தான எத்தாம்பியூட்டால் காரணமாக இருக்கலாம், அன்றைக்கே சொல்லுங்கள்.

இன்று ராத்திரியே மகனையும் மருமகளையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். மருமகள் கோபப்படுவாள், நியாயம்தான், கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கே பேரனைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகட்டும். நீங்கள் பீரோவில் இருக்கும் அட்டையையும் சர்க்கரை மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போய், சர்க்கரை டாக்டரின் மேசையில் வையுங்கள்.