அப்பாவுக்குத் தமிழ் வர்ணனை வேண்டும், எந்தச் சேனலை வாங்குவது?

கேள்வி: மதுரையில் கேபிள் இணைப்பு வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு 72 வயது. ஐபிஎல், கபடி இரண்டையும் தமிழ் வர்ணனையோடு பார்க்க ஆசைப்படுகிறார். கேபிள்காரர் போட்ட ஸ்போர்ட்ஸ் பேக்கில் இந்தியும் ஆங்கிலமும்தான் வருகின்றன, தமிழ் வேண்டுமென்றால் இன்னும் பெரிய பேக் போடச் சொல்கிறார். இலவசமாக வரும் டிடி ஸ்போர்ட்ஸில் இந்தியா ஆடும் மேட்சாவது பார்க்கலாம் என்றால், சரியாக அந்த நேரத்தில் வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பெரிய பேக் வேண்டவே வேண்டாம். அப்பா கேட்கும் ஐபிஎல்லுக்கும் புரோ கபடி லீக்குக்கும் டிவி உரிமை ஜியோஸ்டார் (முன்பு ஸ்டார்) நிறுவனத்திடம் இருக்கிறது (ஐபிஎல்லுக்கு 2027 வரை), இரண்டும் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் சேனலில் வரும். அந்த ஒன்றை மட்டும் தனியாகக் கேளுங்கள். 2019 பிப்ரவரியில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து எந்தக் கட்டணச் சேனலையும் தனியாக வாங்க நமக்கு உரிமை உண்டு, கேபிள்காரர் "தனியா வராது சார்" என்று சொன்னால் அது சரியில்லை. சேனல் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும், அவ்வளவுதான். இணைப்புக் கட்டணத்தை ஏற்கனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அப்புறம், இதே சேனலில் எஸ்டி (சாதாரணத் தரம்), எச்டி (உயர் தரம்) என இரண்டு இருக்கின்றன. உங்கள் பாக்ஸ் சாதாரண எஸ்டி பாக்ஸாக இருந்தால் எச்டிக்குக் கட்டும் பணம் வீண், அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

இப்போது ஓடும் ஸ்போர்ட்ஸ் பேக்கை எடுத்துவிடவும் சொல்லுங்கள். சேர்ப்பதோ நீக்குவதோ, கேட்ட 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். வாயால் சொல்லிவிட்டு விடாதீர்கள், வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், பின்னால் பில்லில் தகராறு வந்தால் கையில் ஏதாவது இருக்கும். சீசன் முடிந்ததும் இந்தச் சேனலையும் நிறுத்திவிடலாம். பலர் மறந்துபோய் வருஷம் முழுக்கக் கட்டுகிறார்கள், பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

டிடி ஸ்போர்ட்ஸ் விஷயத்தில் உங்கள் கேபிள்காரர் மேல் தப்பில்லை. இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்களை உரிமை வாங்கிய நிறுவனம், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கும் தர வேண்டும் என்று 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அப்படி வாங்கிய ஒளிபரப்பை தூர்தர்ஷன் தன் ஆன்டெனா ஒளிபரப்பிலும் தன் இலவச டிடிஎச்சான டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் காட்டலாம், கேபிளிலும் தனியார் டிடிஎச்சிலும் காட்டக் கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் மேட்ச் நேரத்தில் உங்கள் வீட்டில் வேறு ஏதோ ஓடுகிறது. காசு கொடுத்துக் கேபிள் வைத்திருப்பவருக்கு இது கோபம் வரவைக்கும் நிலைமைதான், எனக்கும் இதில் உடன்பாடில்லை.

ஃப்ரீ டிஷ் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். டிஷ்ஷுக்கும் பாக்ஸுக்கும் ஒருமுறை செலவு, மாதக் கட்டணம் கிடையாது. இந்தியா ஆடும் மேட்ச்தான் முக்கியம் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஐபிஎல் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இல்லை, டிடி ஸ்போர்ட்ஸில் வர்ணனையும் பெரும்பாலும் இந்தி, ஆங்கிலம்தான். உங்கள் அப்பா கேட்பது தமிழ், அதனால் அவருக்கு அந்த ஒரு சேனல் போதும்.