யார் ஜாடை?

வணக்கம் சார்,

சென்ற மாதம் அலுவலக வேலையாக பார்சிலோனா போனபோது மனைவியையும் அழைத்துச் சென்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி சிட்ஜெஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போனோம். கடலோர நடைபாதையில் உள்ளூர் ஓவியர் ஒருவர் கரித்துண்டால் ஆட்களை வரைந்துகொண்டிருந்தார். முப்பது யூரோ கொடுத்து இருபது நிமிடம் உட்கார்ந்தேன். சிரித்த முகமாகத்தான் இருந்தேன். படத்தில் இருப்பதோ யாரோ ஒரு சிடுமூஞ்சி. மனைவி பார்த்துவிட்டு, 'மேனேஜர்கிட்ட போன்ல பேசும்போது நீங்க இப்படித்தான் இருப்பீங்க' என்று சிரித்தாள். சுருட்டிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். இப்படிச் சுற்றுலாப் பயணிகளை வரைவது கலையா, வெறும் பிழைப்பா? செல்பேசிச் செயலி பத்து நொடியில் இதைவிட நன்றாக வரைகிறதே?

எம்.

அன்புள்ள எம்.,

செயலியை விட்டுவிடுவோம். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆர்வமும் இல்லை. கலையா பிழைப்பா என்பதும் அப்படித்தான். பிழைப்பைப் பற்றிக் கவலைப்படாமல் வரைந்தவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டில் பிறந்தவர்கள்.

அப்படி ஒருவருடைய வீடு நீங்கள் போன ஊரிலேயே இருக்கிறது. துணி ஆலைக் குடும்பத்துப் பிள்ளையான ஓவியர் சாந்தியாகோ ருசிஞோலின் வீடு, பெயர் கவ் ஃபெர்ராத். தேவாலயத்துக்குப் பின்னால், கடலுக்கு நேர் மேலே, 1933 முதல் அருங்காட்சியகம். பழைய காலத்து ஓவியர் எல் கிரேக்கோவைப் பலரும் மறந்திருந்த காலத்தில் அவருடைய ஓவியங்கள் இரண்டை வாங்கி, 1894-ல் சாமி ஊர்வலம்போல சிட்ஜெஸ் தெருக்களில் தூக்கிக்கொண்டு வந்து இந்த வீட்டில் சேர்த்தார் மனிதர். உங்கள் கடிதத்தில் அந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. போகவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அவ்வளவு தூரம் போய், உருவப்படம் பற்றி எனக்குக் கடிதமும் எழுதுகிறவர், அங்கே மாட்டியிருக்கும் ஒரு படத்தைப் பார்க்காமல் வந்திருக்கிறீர்கள். என்ன சொல்ல?

ருசிஞோலும் அவருடைய நண்பர் ரமோன் கசாஸும் 1890-ல் சேர்ந்து வரைந்த படம் அது. ஒரே துணியில் இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து ஒருவரை ஒருவர் வரைகிறார்கள். இவரை அவர் வரைந்தார், அவரை இவர் வரைந்தார். தன் முகம் எப்படி வரவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை இருவருக்குமே இல்லை.

கசாஸ் பிற்பாடு பார்சிலோனாவின் பெரிய மனிதர்களையெல்லாம் கரித்துண்டால் வரைந்து, 1899-ல் சாலா பாரேஸ் கூடத்தில் காட்சிக்கு வைத்தார். அடுத்த வருடம் பிப்ரவரியில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் அதற்குப் போட்டியாகத் தன் நண்பர்களை வரைந்து, சட்டம்கூடப் போடாமல், எல்ஸ் குவாத்ரே காத்ஸ் என்ற மதுக்கடையின் சுவரில் குத்தி வைத்தான். 'நாலு பூனைகள்' என்று பொருள். அந்தப் பக்கத்து மொழியான கத்தலான் பேச்சில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேர் என்று அர்த்தம். பையன் பெயர் பிக்காசோ. அவன் மேதை என்பது இருக்கட்டும், நான் நினைத்துப் பார்ப்பது அந்த அறையை. சுவரில் தொங்கிய முகங்களின் சொந்தக்காரர்கள் அதே கடையில் வந்து குடிப்பவர்கள். மூக்கு கொஞ்சம் தப்பினால் பக்கத்து மேஜையிலிருந்தே குரல் வந்துவிடும்.

நான் சிட்ஜெஸ் போனது ஓர் அக்டோபரில். மழை விட்டிருந்தது. தேவாலயப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு கிழவர், உள்ளூர் மீன்காரப் பெண்மணியை வரைந்துகொண்டிருந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று ஏதோ சொன்னார்கள். ஒருத்தி தன் வாயைத் தொட்டுக்காட்டித் தலையை ஆட்டினாள். கிழவர் முணுமுணுத்துக்கொண்டே ரொட்டியின் வெள்ளைப் பகுதியைப் பிய்த்து, உருட்டி, வரைந்த வாயை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி வரைந்தார். (கரியை அழிக்க ரொட்டி பழைய கைமுறை. ரப்பர் தாளைக் கெடுத்துவிடும்.) இதுவே ஒரு மணி நேரம் ஓடியது. அப்புறம் என்னை உட்காரச் சொன்னார். கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்: "உன் விஷயத்தில் என்னைத் திட்ட இங்கே யாரும் இல்லை."

எம்., உங்களை வரைந்தவருக்கும் அங்கே ஆள் இல்லைதான். ஆனால் உங்களோடு ஒருத்தர் வந்திருந்தாரே! படம் உங்களைப் போலவே இருக்கிறது என்று அவர் சொல்லியும் விட்டாரே! நீங்கள் அதை நடுவில் ஒரு வரியாகப் போட்டுவிட்டு, 'யாரோ சிடுமூஞ்சி' என்று என்னிடம் வந்து நிற்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? இடவலம் மாறிக் கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள், அதுவும் சவரம் செய்யும்போதும் தலை சீவும்போதும். மேனேஜரோடு பேசும் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவர் அவர்தான். சிரித்த முகமாக இருந்தேன் என்கிறீர்கள். இருபது நிமிடமா? மூன்றாம் நிமிடத்தில் சிரிப்பு போய்விடும், பல்தான் மிச்சமிருக்கும். அதற்குப் பிறகு வந்த முகத்தைத்தான் அந்த மனிதர் வரைந்திருக்கிறார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் இதையேதான் செய்தேன். நானில்லை என்று சொல்லி என் படத்தை அலமாரிக்குப் பின்னால் சொருகி வைத்தேன். வீடு துடைக்கும்போது அம்மா அதை எடுத்துப் பார்த்தார். "இது என்னடா, சின்ன மாமாவ யாரு வரைஞ்சது?" என்றார். சின்ன மாமாவோடு நாங்கள் பேச்சுவார்த்தை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. ஒரு வீட்டுப் பத்திரத்தில் ஆரம்பித்த சண்டை. அவர் ஜாடை எனக்கு இருப்பதாகச் சிறுவயதில் யாராவது சொன்னாலே அழுவேனாம். அம்மாவிடமிருந்து பிடுங்கி மறுபடி உள்ளே வைத்துவிட்டேன்.

மாமா போன மாதம் காலமானார். காரியத்துக்குப் போனேன். திரும்பி வந்து அலமாரியை நகர்த்திப் படத்தை எடுத்த வாரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள், இன்றைக்கே. பெட்டியிலிருந்து அந்தச் சுருளை எடுங்கள். கரிப்படத்தைச் சுருட்டவே கூடாது. விரித்து, தேய்க்காமல் மேலே பட்டர் பேப்பர் போட்டு, தட்டையாக வையுங்கள். கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே ஓவியப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். சற்றுத் தள்ளி நின்று லேசாக அடியுங்கள், நனைத்துவிடாதீர்கள். சட்டம் போடுகிறவரிடம் கண்ணாடி படத்தைத் தொடாமல் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். எங்கே மாட்டுவது என்பதை உங்கள் மனைவி சொல்லட்டும்.

நான் இதில் எதையும் செய்யவில்லை. என் படத்தில் நெற்றியும் கண்ணும் இருக்கின்றன. மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்தான்.