பார்க்கின்சனும் தடுமாறும் சிந்தனையும்: கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மறதி இல்லை. ஆனால் எந்த வேலையை முதலில் செய்வதென்று திணறுகிறார். பரிசோதனை தேவையா?

பதில்: தேவை. இந்த நோயில் பலருக்கு முதலில் ஆட்டம் காண்பது நினைவாற்றல் அல்ல. திட்டமிடுவதும் கவனத்தை மாற்றுவதும் இடத்தையும் தூரத்தையும் கணிப்பதும்தான். "எல்லாம் ஞாபகம் இருக்கிறதே" என்று குடும்பத்தினர் ஏமாந்துபோவது இங்கேதான். 1975-இல் வந்த எம்எம்எஸ்இ (MMSE) என்ற சிந்தனைத்திறன் தேர்வு இத்திறன்களை அதிகம் சோதிப்பதில்லை. 2005-இல் வெளியான மோகா (MoCA) என்ற அதேபோன்ற தேர்வு கடிகாரம் வரையச் சொல்லும். எண்ணையும் எழுத்தையும் மாறி மாறி இணைக்கச் சொல்லும். பத்து நிமிடம் போதும். என் தேர்வு மோகாதான்.

கேள்வி: அம்மா மோகாவில் 22 வாங்கினார். டிமென்ஷியா எனும் அறிவுத்திறன் இழப்பா?

பதில்: அந்த எண்ணை வைத்து மட்டும் யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. 30-க்கு 26-க்குக் கீழே வந்தால் மேலும் ஆராய வேண்டும், அவ்வளவுதான். எந்த நேரத்தில் தேர்வு வைத்தார்கள்? மாத்திரையின் வேகம் இறங்கி உடல் இறுகியிருந்த வேளையா? முந்தைய இரவு உறங்கினாரா? மனச்சோர்வு, காது கேளாமை, தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு எல்லாமே மதிப்பெண்ணை இழுத்துவிடும். பள்ளிப்படிப்பு குறைவு என்றால் அதற்கென்றே மோகா பேசிக் என்ற வடிவம் இருக்கிறது. டிமென்ஷியா என்று சொல்ல, சிந்தனைக் குறையால் அன்றாட வாழ்வு பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். கை நடுங்கிச் சட்டைப் பொத்தானைப் போட முடியாதது வேறு. சட்டையை எப்படிப் போடுவதென்றே குழம்புவது வேறு. இந்த வேறுபாட்டை உடனிருக்கும் நீங்கள்தான் மருத்துவருக்குச் சொல்ல முடியும்.

கேள்வி: மருந்தே குழப்பத்தை உண்டாக்குமா?

பதில்: உண்டாக்கும். நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் முதியவர்களின் சிந்தனையை மந்தப்படுத்தும். சிறுநீரை அடக்க முடியாமைக்கான சில மருந்துகளும் அப்படியே. எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எதையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று வந்திருந்தால் நோய்த்தொற்றாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பது?

பதில்: ஆண்டுக்கு ஒருமுறை. மாற்றம் தெரிந்தால் முன்னதாகவே.

கேள்வி: தெரிந்துகொண்டு என்ன பயன்? குணப்படுத்த முடியாதே.

பதில்: இந்தக் கேள்வி எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. பார்க்கின்சன் டிமென்ஷியாவுக்கு ரிவாஸ்டிக்மின் என்ற மருந்து உண்டு. ஓரளவேனும் பலருக்கு உதவுகிறது. வண்டி ஓட்டுவது, மாத்திரை நேரம், பணக் கணக்கு ஆகியவற்றில் விபத்து வருமுன்னே துணை ஏற்படுத்தலாம். எல்லாவற்றையும்விட, தன் சிகிச்சையையும் சொத்தையும் பற்றித் தானே தீர்மானிக்கும் தெளிவு இருக்கும்போதே அவரிடம் கேட்டுவிடலாம்.