கடைக்குப் பின்னறையில் ஒரு குடும்பம்

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பழைய துரைமாரில் சிலர் ஸ்காட்லாந்துச் சிற்றூர்க் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்று தாத்தா சொல்வார். விக்டோரியா மகாராணி காலத்தில் அத்தகைய குடும்பம் எப்படி வாழ்ந்தது?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: விக்டோரியா ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில், அங்கே சிறு கடைக்காரரின் கடையையும் வீட்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். தெருவைப் பார்த்த முன்னறையில் வியாபாரம் நடக்கும். பின்னறையிலும் மாடியிலும் குடும்பம் வாழும். தொழில் பழக வந்த பையனும் பல வீடுகளில் அதே கூரையின் கீழ்தான் உண்டு உறங்கினான். கூம்பு வடிவக் கட்டியாக வந்த சர்க்கரையை இடுக்கியால் வெட்டிக் கொடுப்பதும், தேயிலையை நிறுத்துப் பொட்டலம் கட்டுவதும், ஓட்ஸ் மாவை அளப்பதும் அன்றாட வேலைகள். ஜேம்ஸ் யங் என்ற வேதியியலாளர் 1850இல் காப்புரிமை பெற்ற முறையில் பாரபின் எண்ணெய் பெருகிய பின், விளக்கு எரிக்கும் அந்த எண்ணெயும் இத்தகைய கடைகளில் விலைக்கு வந்தது.

ஆனால் அந்த வீட்டின் நிம்மதி கடன் ஏட்டில்தான் இருந்தது. பண்ணையாட்கள் பலருக்குக் கூலிப் பணம் மே மாதத்து விட்சண்டே, நவம்பர் மாதத்து மார்ட்டின்மஸ் ஆகிய இரண்டு தவணை நாள்களில், அதாவது அரையாண்டுக்கு ஒருமுறைதான் கைக்கு வந்தது. சம்பள நாள்வரை 555 என்ற சிறு கடன் நோட்டில் எழுதிவைத்துச் சாமான் வாங்கிய நம்மவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நம் ஊரில் என் தாய்மாமன் நடத்திய கடையில், நூலில் கட்டித் தொங்கிய பென்சிலும், எண்ணெய் பட்டு ஓரம் கறுத்த அந்தச் சிறு நோட்டுகளும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. மாமா காத்திருந்தது ஒரு மாதம். பண்ணையாட்களுக்குக் கடன் கொடுத்த அந்தக் கடைக்காரரோ ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டும், அதற்கிடையே மொத்த வியாபாரியின் பாக்கியையும் அவர் தீர்த்தாக வேண்டும்.

இந்தக் கணக்கைப் பல வீடுகளில் காத்தவர் மனைவி என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சமையலையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டே கடையிலும் நின்ற அவருக்குச் சம்பளம் என்று ஒன்று இல்லை. திருமணத்தோடு அவருடைய பணமும் பொருள்களும் பொதுவாகக் கணவருக்கு உரியவை ஆகிவிட்டன. தம் பெயரில் தனியே நடத்திய தொழிலின் வருமானத்தை மனைவி தமதாக்கிக்கொள்ள 1877ஆம் ஆண்டுச் சட்டமும், புதிதாக மணந்தவர்களுக்கு அசையும் சொத்தில் தனியுரிமை தர 1881ஆம் ஆண்டுச் சட்டமும் தேவைப்பட்டன. இத்தனைக்கும் ஸ்காட்லாந்தின் சட்டப் பத்திரங்களிலும் கல்லறைக் கற்களிலும் மணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் மறையாமல் நின்றது. பெயரை விட்டுவைத்த ஊர், உழைப்பின் பயனை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 5 முதல் 13 வயது வரை படிப்பைக் கட்டாயமாக்கியது. பள்ளி விட்டபின் கடை வேலை காத்திருந்தது.

கேள்வி: அவர்களுக்கு ஓய்வோ பண்டிகையோ கிடையாதா?
— அதே வாசகி

பதில்: ஞாயிறன்று கடை மூடியிருக்கும், பிரஸ்பிட்டேரியன் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்களில் அந்த நாள் தேவாலயத்துக்கு உரியது. கிறிஸ்துமஸோ பலருக்கு வேலை நாளாகவே கழிந்தது. 1958இல்தான் அங்கே அது பொது விடுமுறையானது. ஊர் கொண்டாடியது புத்தாண்டைத்தான். அதற்கென்று உலர்திராட்சையும் மசாலாவும் நிறைத்துச் செய்யும் கறுப்பு பன்னுக்கு வேண்டிய சாமான்கள் டிசம்பர்க் கடைசியில் மும்முரமாக விற்கும். நவம்பர்க் கூலியைச் செலவழித்துவிட்ட வீடுகளின் பாக்கி, மே மாதத் தவணை வரை ஏட்டிலேயே இருக்கும்.