மகள் மாத்திரை சாப்பிடுகிறாள், பேரனுக்குப் பால் கொடுக்கலாமா?

சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகளுக்குப் பேறுகாலம் முடிந்து 40 நாள் ஆகிறது. பத்தாம் நாளிலிருந்து பொட்டுத் தூக்கம் இல்லை. 'இது என் பிள்ளை இல்லை, மாற்றிவிட்டார்கள்' என்று கத்தினாள். டாக்டர் ராத்திரிக்கு ஓலன்சபின் 10 மில்லிகிராம் கொடுத்தார். இப்போது தூங்குகிறாள், பிள்ளையைக் கொஞ்சுகிறாள். ஆனால் சம்பந்தி வீட்டில், 'மாத்திரை பாலில் இறங்கிப் பிள்ளைக்கு விஷமாகும், ஒன்று மாத்திரையை நிறுத்து, இல்லை பாலை நிறுத்து' என்கிறார்கள். எதை நிறுத்த?"

அம்மா, பேரன் நிறைமாதத்தில் பிறந்து நன்றாக இருக்கிறான் என்றால் இரண்டையும் நிறுத்த வேண்டியதில்லை. மாத்திரையில் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். மகளுக்கு வந்தது பேறுகால மனநோய் போலத்தான் தெரிகிறது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். குணமாகக்கூடிய நோய்தான். ஆனால் பாதியில் மருந்தை விட்டுத் திரும்பக் கிளம்பினால் தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து. எனக்குப் பயம் அதில்தான், பாலில் இல்லை.

பாலில் மருந்து கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஓலன்சபின் பெரும்பகுதி தாயின் ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும். எடைக்கு எடை கணக்குப் பார்த்தால், தாய் சாப்பிடும் அளவில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான் பிள்ளைக்குப் போகிறது. அது நூற்றில் பத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பால் கொடுக்கலாம் என்பது மருத்துவ வழக்கம். மனநோய்க்குக் கொடுக்கும் மற்ற மருந்துகளில், குவெட்டியாபின் பாலில் இறங்குவது இதைவிடக் குறைவு. ரிஸ்பெரிடோன் கொஞ்சம் கூடுதல். அரிபிப்ரசோல் பால் சுரப்பையே குறைத்துவிடலாம். குளோசபின் சாப்பிடும் தாய்மார் மட்டும் பால் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வோம். பிள்ளையின் வெள்ளை அணுக்கள் குறையும் அபாயம் உண்டு. லித்தியம் என்றால் பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கவனமாகப் போக வேண்டும். அதனால் அடுத்த வீட்டுக்காரிக்குக் கொடுத்த யோசனையை மகளுக்குப் பொருத்தாதீர்கள். சீட்டில் என்ன மருந்து எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

மாத்திரை போட்டபின் வரும் பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிறார்கள் சிலர். அந்தப் பாடு வேண்டாம். ஓலன்சபின் உடம்பில் ஒரு நாளுக்கு மேல் தங்கும் மருந்து, கொட்டுவதால் பெரிய லாபம் இல்லை. படுக்கப்போகும் முன் ஒருதரம் பால் கொடுத்துவிட்டு மாத்திரை போடட்டும்.

அப்புறம் ராத்திரி. இதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். மகளுக்கு ஐந்தாறு மணிநேரம் முழுத்தூக்கம் வேண்டும், அதுவும் மருந்துதான். பகலில் பாலைப் பீய்ச்சிக் குளிர்ப்பெட்டியில் மூடி வையுங்கள். ராத்திரி எடுத்து, அந்தப் பாத்திரத்தை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து இளஞ்சூடாக்கிச் சங்கில் புகட்டுங்கள். அடுப்பில் காய்ச்ச வேண்டாம். வெந்நீரில் கொதிக்கவைத்த சங்காக இருக்கட்டும். ஒரு நாளைக்கு மேல் அந்தப் பாலை வைக்காதீர்கள். மாத்திரை மயக்கத்தில் இருக்கும் தாயோடு ஒரே பாயில் பிள்ளையைப் போடவே கூடாது, புரண்டு படுத்தால் அவளுக்குத் தெரியாது. உங்கள் பக்கத்தில் தனி விரிப்பில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

பேரனையும் கவனியுங்கள். பால் குடிக்கும்போது கண் சொக்கினால் உள்ளங்காலை விரலால் வருடிப் பாருங்கள். முழித்துத் திரும்பவும் சப்பினால் சரி. எழுப்ப எழுப்பத் துவண்டு விழுகிறான், இழுத்துக் குடிக்கவில்லை, நாளைக்கு ஆறு தரம்கூட மூத்திரம் போகவில்லை, கை கால் நடுங்குகிறது என்றால் அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் போங்கள். எடையை மாதாமாதம் பார்த்துவிடுங்கள்.

மகளுக்கு அசதியாக இருந்து பால் கொடுக்க முடியாமல் போனால் அவளைக் குறை சொல்ல யாரையும் விடாதீர்கள். புட்டிப்பாலில் வளர்ந்த பிள்ளைகளும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இசக்கியம்மனுக்கு நேர்ந்திருக்கிறீர்கள் என்றால் தாராளமாகப் போய் வாருங்கள், பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கிற தாய் அவள். மாத்திரைப் பட்டையை மட்டும் மறக்காமல் பையில் எடுத்துப் போங்கள்.

பேச்சில் பழைய குழப்பம் திரும்பினாலோ, இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டாலோ, பிள்ளையைத் தனியாக அவளிடம் விடாமல் உடனே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். நடுச்சாமம் என்றாலும் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் போட்டால் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அடுத்த பிள்ளைக்கு இது மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே உண்டாகும் முன்பே டாக்டரிடம் பேசிவிடச் சொல்லுங்கள், மருமகனையும் கூட்டிக்கொண்டு.